உப்பு ஜாடிக்குப் போன கை

ஓய்வூதியத் தாள்கள் தயாராகிக்கொண்டிருந்த வாரம் அது. அலுவலகத்தில் எங்கள் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் நித்யா, என் பணிப்பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்தவர், ஓரிடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சார், முப்பத்துநாலு வருஷத்துல உங்க மேல ஒரே ஒரு கண்டனம் கீது. இன்னா சார் இது, நீங்களா? அப்பீல் போட்டா நீக்கிடுவாங்க. நானே டைப் பண்ணித் தரேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வூட்ல கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேம்மா" என்றேன். கண்டனத்தை நீக்கிக்கொள்ளலாமா என்று வீட்டில் கேட்டுவிட்டு வருகிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. திருதிருவென்று முழித்தார்.

அந்த ஒரு வரியின் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இப்போது ரேஷன் கார்டுக்குச் செல்போனிலேயே மனுப் போடுகிறார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம் "அந்தக் காலத்தில் நாங்கள் வீடு வீடாகப் போய் அடுப்புப் பார்ப்போம்" என்றால், ஜோசியம் பார்ப்பதுபோல் ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆகவே முதலில் அடுப்பைச் சொல்லிவிடுகிறேன். அடுப்பைச் சொன்னால்தான் என் வாழ்க்கையைச் சொல்ல முடியும்.

என் சொந்த ஊர் படவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எங்களுக்கு நிலம் கிடையாது, அப்பாவும் அம்மாவும் கூலி வேலை. டைப்ரைட்டிங் பாஸ் செய்தேன், பரீட்சை எழுதினேன், இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன், படிப்படியாக வழங்கல் துறையில் ஆய்வாளர் ஆனேன். இதற்குள் பன்னிரண்டு வருஷம் போய்விட்டது. அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, முதுகுவலி ஒன்றுதான் மிச்சம்.

சின்ன வயதிலிருந்தே என் மனம் ஆண்களிடம்தான் போகும் என்பது எனக்குத் தெரியும். அதை யாரிடமும் சொன்னதில்லை. அம்மா எனக்கு ஐந்து இடத்தில் பெண் பார்த்தார். ஐந்துக்கும் நான் ஒரு குறை கண்டுபிடித்தேன். ஐந்தாவது பெண்ணுக்கு என்னால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல், "ஊர் தண்ணி ஒத்துக்காது" என்று சொன்னேன். அதோடு அம்மா விட்டுவிட்டார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சரி, அடுப்பு. ரேஷன் கார்டு என்பது ஆளுக்கு ஒன்று அல்ல, குடும்பத்துக்கு ஒன்று. குடும்பம் எது என்பதற்குத் துறை வைத்திருந்த அளவுகோல் ஒன்றே ஒன்று. ஒரே அடுப்பில் பொங்கித் தின்றால் ஒரு குடும்பம். அடுப்பு தனி என்றால் குடும்பம் தனி. அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆளுக்கொரு கார்டு கேட்பார்கள். நாங்கள் வருகிற நாளில் மட்டும் இரண்டாவது அறையில் ஓர் அடுப்பு முளைத்திருக்கும். அது சமையல் நடக்கிற அடுப்பா, எங்களுக்காக வைத்த அடுப்பா என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. எரிந்த தீக்குச்சி இருக்கிறதா, சுவரில் எண்ணெய் தெறித்திருக்கிறதா, தோசைக்கல் கறுத்துப் பழகியிருக்கிறதா, இப்படி ஒரு பட்டியலே மனப்பாடமாக இருக்கும்.

ஏழுமலையை நான் ஆரணியில் முதலில் பார்த்ததும் அப்படி ஓர் அடுப்புக்கு முன்னால்தான். பட்டுக்குச் சாயம் போடுகிறவர். தனி ஆளாகக் கார்டு கேட்டு மனுப் போட்டிருந்தார். போய்ப் பார்த்தால் அடுப்பில் ஒரு பாத்திரம் நிறைய ரத்தச் சிவப்பாக என்னவோ கொதிக்கிறது.

"இன்னாங்க இது? இது சோத்து அடுப்பா, சாய அடுப்பா?" என்று அதட்டினேன்.

"ரெண்டும்தான் சார். காலைல சாம்பாரு, மத்தியானம் அரக்கு. ஒரு கல்யாணப் பொடவைக்குக் கலர் சாம்பிள் பாத்துகினு கீறேன். நீங்க காலைல வந்திருந்தா சாம்பார் ஊத்தியிருப்பேன்."

பயமே இல்லாமல் ஓர் அரசு ஊழியனைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறவரை நான் பார்த்ததில்லை. முழங்கை வரை சிவந்த கைகள். 'மனுதாரர் தனி நபர், தனிச் சமையல் உள்ளது' என்று அறிக்கை எழுதிவிட்டு வந்தேன். என் சர்வீஸில் நான் எழுதிய உண்மையான அறிக்கைகளில் அதுவும் ஒன்று. ஆறே மாதத்தில் அதை நானே பொய்யாக்கிவிட்டேன்.

அவர் வீட்டு மாடி போர்ஷன் காலியானது, நான் குடிவந்தேன். ஊருக்குக் கணக்கு அவ்வளவுதான். மாடியில் சார், கீழே சாயக்காரர். உண்மையில் மாடியில் என் சட்டைகள் மட்டும் குடியிருந்தன. நான் கீழே இருந்தேன், சந்தோஷமாக இருந்தேன். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களைப் போன்றவர்களின் கதை என்றாலே கண்ணீரும் கம்பலையுமாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். நாங்கள் சண்டை போட்டதெல்லாம் சாம்பாரில் உப்பு போதவில்லை என்பதற்காகத்தான். ஏழுமலை உப்பே போடமாட்டார். கேட்டால், "சாயத்துல உப்புப் போட்டுப் போட்டு அலுத்துப்போச்சு சார்" என்பார். முதல் நாள் கூப்பிட்ட அந்த 'சார்' அப்படியே நின்றுவிட்டது. கோபம் வந்தால் மட்டும் 'நீ' சேர்ந்துகொள்ளும்.

ஆனாலும் பயம் இருந்தது. ஆரணி சின்ன ஊர். ஒரு தெருவில் தும்மினால் அடுத்த தெருவில் மருந்து சொல்வார்கள். அப்போது சட்டமும் எங்கள் பக்கம் இல்லை. அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். மாடி முகவரிக்கு என் பெயரில் தனியாக ஒரு கார்டு வாங்கினேன். பொருள் எதுவும் வாங்க முடியாத அட்டை அது. முகவரிக்கு மட்டும் ஆகும். அரிசிக்காகவோ சர்க்கரைக்காகவோ நான் அதை வாங்கவில்லை. யாராவது என்னைக் கேட்டால், 'இதோ பார், நான் தனிக் குடும்பம்' என்று எடுத்துக் காட்டத்தான் வாங்கினேன். பொய் அடுப்புகளைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவன் மாடியில் ஒரு பொய் அடுப்பை வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் ஓட்டினேன்.

அப்போதுதான் மரகதம் மேடம் எங்களுக்கு அதிகாரியாக வந்தார்.

அவர் வேலூர்க்காரர். யார் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார், தோளில் தன் பாட்டில் தொங்கும். செருப்பைக் கழற்றாமல் எந்த வீட்டுக்குள்ளும் போகமாட்டார், குடிசையாக இருந்தாலும் சரி. குரலை உயர்த்தியதே கிடையாது. விதி என்ன சொல்கிறதோ அது, அதற்கு மேல் ஒரு நூல் கிடையாது, கீழேயும் கிடையாது. நாங்கள் முதுகுக்குப் பின்னால் அவரை 'தராசு' என்போம்.

அடுப்புப் பார்ப்பதில் அவர் வைத்திருந்த முறையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. அடுப்பைத் திரும்பியே பார்க்கமாட்டார். சமையலறைக்குள் நுழைந்ததும், "வாய் கசக்குதும்மா, ஒரு சிட்டிகை உப்பு குடுங்க" என்பார். அவ்வளவுதான் பரீட்சை. அது நிஜமாகவே அவர்கள் புழங்குகிற சமையலறை என்றால் கை நேராக உப்புக்குப் போகும், கண்கூடப் போக வேண்டியதில்லை. பொய் என்றால் கண் முதலில் தேடும், பிறகுதான் கை போகும். வந்தவாசி சாலையில் ஒரு வீட்டில் புது மருமகள் நாலு டப்பாவைத் திறந்து கடைசியில் மிளகாய்த்தூளை நீட்டினார். மேடம் அதையும் ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டு, "காரம் நல்லா இருக்குது. இது யாரு வூட்டு அடுப்பும்மா?" என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மாமியாரைக் கைகாட்டிவிட்டார்.

போலிக் கார்டு ஒழிப்பு மும்முரமாக நடந்த நேரம். ஒரு திங்கட்கிழமை மேடம் எங்களையெல்லாம் கூப்பிட்டு, "ஊரார் அடுப்பைப் பாக்கறதுக்கு முன்னாடி நம்ம அடுப்பைப் பாத்துடுவோம். வியாழக்கிழமைலருந்து ஸ்டாஃப் வீடு. நானே வரேன்" என்றார்.

மாட்டினால் கார்டு போவது பெரிதில்லை. 'பின்னே ஏன் தனிக் கார்டு வாங்கினாய், அந்த ஆள் உனக்கு யார்' என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்கு என் வேலையும் போகலாம், ஏழுமலைக்கு நூல் கொடுக்கிற முதலாளிகளும் போகலாம், வீடும் போகலாம்.

மூன்று நாளும் மாடியில் கிடந்தேன். தீக்குச்சியை எரித்து எரித்துப் போட்டேன். சுவரில் மஞ்சள் தெறித்தேன். தோசைக்கல்லை மேலே கொண்டுபோனேன். என் மூக்குக்கண்ணாடிக் கூடு, மாத்திரை, கட்டில் எல்லாம் மாடிக்கு ஏறின. உப்பு ஜாடியை அடுப்புக்கு வலது பக்கம் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பழகினேன். ஏழுமலை படியில் உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்.

"இன்னா சார், கொலு வெக்கிறியா?"

"யோவ், என் பேஜாரு எனக்கு. நீ வேற."

வியாழக்கிழமை காலை மேடம் வந்தார். மாடிக்குக் கூட்டிப்போனேன். "தனபால், வாய் கசக்குது, கொஞ்சம் உப்பு குடுங்க" என்றார். நான் திரும்பாமலே வலது பக்கம் கையை நீட்டி எடுத்துக் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு, "ம்" என்றார். எனக்குள் விசில் அடித்தது.

"கீழ் வீடும் இதே கதவு எண்தானே? அதையும் பாத்துடுவோம்."

கீழே அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. ஏழுமலை பின்கட்டிலிருந்து ஓடிவந்தார். அன்றைக்கும் ஏதோ கல்யாண ஆர்டர், முழங்கை வரை அரக்குச் சிவப்பு சொட்டிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் உப்பு குடுங்க" என்றார் மேடம்.

"கையெல்லாம் சாயமா கீது மேடம். ஒரு நிமிஷம், ஜல்தியா கழுவிகினு..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் என் கை போய்விட்டது. மேல் தட்டில், புளிப் பானைக்குப் பின்னால், மூடி உடைந்த பழைய ஊறுகாய் ஜாடி. ஒரு சிட்டிகையை மேடம் உள்ளங்கையில் வைத்தேன். அதோடு நிறுத்தினேனா? மிச்சம் விரலில் இருந்ததைக் கொதிக்கிற சாம்பாரில் தூவி, கரண்டியால் ஒரு கிண்டு கிண்டி, அடுப்பைக் குறைத்தும் வைத்தேன். பதினோரு வருஷமாகத் தினமும் செய்கிற வேலை. செய்கிறேன் என்ற நினைப்பே எனக்கு இல்லை.

கரண்டியைக் கீழே வைத்த பிறகுதான் நினைப்பு வந்தது. திரும்பினேன். மேடம் உப்பை வாயில் போடாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல யோசிச்சு எடுத்தீங்க தனபால். நல்லாத்தான் எடுத்தீங்க. இங்க யோசிக்கவே இல்ல."

ஏழுமலைதான் பேசினார். கையிலிருந்து சிவப்பு தரையில் சொட்டுகிறது, அதைக்கூடப் பார்க்காமல் பேசினார்.

"ஆமா மேடம். நாங்க ஒண்ணாத்தான் பொங்கித் துன்றோம். பதினோரு வருஷமா. மேல இருக்கிறது சும்மா."

மேடம் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆணியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்த இரண்டு துண்டுகளைப் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்து எழுதினார். "ஒரே அடுப்பு, ரெண்டு கார்டு. ஒண்ணு ரத்து. ஏன் வாங்கினீங்கன்னு எழுத்துல விளக்கம் குடுங்க. நாளைக்குப் பதினொரு மணிக்கு என் மேசைல இருக்கணும்." உப்பை வாயில் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டினார். "சாம்பாரை எறக்குங்க, அடிபிடிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் முழுவதும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. வாடகைக்கு இருக்கிறேன், சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கொடுக்கிறேன் என்று எழுதலாம். தூரத்து உறவு என்று எழுதலாம். அதைத்தான் எழுதினேன். 'திரு. ஏழுமலை எனக்கு ஒன்றுவிட்ட மைத்துனர் முறை...' என்று படித்துக் காட்டினேன்.

ஏழுமலைக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை.

"மச்சானா? நான் உனக்கு மச்சானா? உனக்கு டைபாய்டு வந்தப்போ பத்து நாளு வேலைக்குப் போவாம கஞ்சி ஊத்துனவன் மச்சானா சார்? நீ தெருவுக்குச் சொல்லவேணாம், ஊருக்குச் சொல்லவேணாம். ஆனா கேக்கறப்போ பொய் சொல்லாத. இதைக் குடுத்தின்னா, வந்து பாரு, வூட்ல நான் இருக்கமாட்டேன்."

அவர் குரல் உடைந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. பயத்தில் அழுதேனா வெட்கத்தில் அழுதேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். புதிதாக இரண்டே வாக்கியம் எழுதினேன்.

'நானும் திரு. ஏழுமலையும் பதினோரு ஆண்டுகளாக ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே குடும்பமாக வாழ்ந்து வருகிறோம். அப்படி இருந்தும் என்னைத் தனிக் குடும்பம் என்று காட்டி அட்டை பெற்றது என் தவறு.'

மறுநாள் மேடம் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை மாத்தி எழுதணும்னா இன்னும் அரை மணி நேரம் இருக்குது."

"வேணாம் மேடம்."

"சரி. கண்டனத்துக்கு எழுதி மேல அனுப்பறேன்."

தலையாட்டிவிட்டு எழுந்தேன். கதவு வரை போனவனுக்கு மனசு கேட்கவில்லை. திரும்பி, "மேடம், இந்தக் கண்டனம் எதுக்கு? நாங்க இப்படி இருக்கறதுக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. நான் ஏதோ கூட்டல் கணக்கில் தப்புச் செய்துவிட்டதுபோல் பார்த்தார்.

"ஒரு குடும்பத்துக்கு ரெண்டு கார்டு வெச்சதுக்கு. புருஷன் பொண்டாட்டி இப்படி வெச்சிருந்தாலும் இதேதான் குடுப்பேன். உங்களுக்குன்னு தனியா கூட்ட முடியாது, குறைக்கவும் முடியாது. போய் வேலையைப் பாருங்க."

வேலையைப் பார்க்கவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு நேராகச் சாயப்பட்டறைக்குப் போனேன். நீராவிக்கு நடுவில் நின்றுகொண்டிருந்த ஏழுமலையிடம் மேடம் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். "புருஷன் பொண்டாட்டி மாதிரின்னா சொன்னாங்க? திருப்பிச் சொல்லு" என்றார். மூன்று தடவை சொல்ல வைத்தார். கடைசியில் ஈரக் கையோடு என் கன்னத்தைப் பிடித்தார். நான் அலுவலகத்துக்குத் திரும்பியபோது இரண்டு கன்னமும் சிவப்பு. யாரோ பூப்புனித நீராட்டுக்குப் போய்விட்டு வந்தீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

ஏழுமலையின் கார்டில் என் பெயரை மேடமே தன் கையால் சேர்த்தார். உறவுமுறை என்று இருந்த கட்டத்தில் 'குடும்பத்தினர்' என்று எழுதினார். ஒரு மாதத்தில் மேலிருந்து கண்டன ஆணையும் வந்தது. மேலே கையெழுத்துப் போட்டவர் அதைப் படித்தாரா, சும்மா போட்டாரா என்று தெரியாது. மேடம் எழுதி அனுப்பியது ஓர் எழுத்து மாறாமல் அதில் இருந்தது.

ஆணை என்று வந்தால் நாலு மேசை தாண்டித்தான் வரும். நாலு மேசைக்கும் தெரிந்துவிட்டது. சிலர் குசுகுசுத்தார்கள். ஒருவர் என்னோடு டீ குடிப்பதை நிறுத்தினார். அவர் மகள் கல்யாணப் புடவைக்குச் சாயம் சரியாகப் பிடிக்காமல் போனபோது ஏழுமலையிடம்தான் வர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு டீயும் திரும்பி வந்தது. என் தம்பி ஆறு வருஷம் பேசவில்லை, அது வலித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். இப்போது பேசுகிறான். பொங்கலுக்கு வரும்போது சாம்பாரில் உப்பு இல்லை என்று அவனும் சொல்கிறான். மரகதம் மேடம் மாற்றலாகிப் போகிற வரை அந்த விஷயத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கடைசி நாளில் மட்டும், "உங்க வூட்டுச் சாம்பாருக்கு அந்த உப்பு அன்னிக்குப் போதுமா இருந்துச்சா?" என்று கேட்டார்.

நித்யாவிடம் திரும்பி வருகிறேன். அன்று வீட்டுக்குப் போய், கண்டனத்தை நீக்கிக்கொள்ளலாமாம், என்ன சொல்கிறாய் என்று ஏழுமலையிடம் கேட்டேன். அறுபது தாண்டியும் நகக்கண்ணில் சிவப்புப் போகாத மனிதர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

"நல்லா கீதே கதை. ஊர்ல எல்லாரும் கல்யாணப் பத்திரிகைய எடுத்து பத்திரமா வெப்பாங்க. நீ அழிக்கலாமான்னு கேட்டுகினு வந்து நிக்கிறே. இன்னா ஆளு சார் நீ!"

மறுநாள் நித்யாவிடம் அந்தக் கண்டனம் அப்படியே இருக்கட்டும் என்று சொன்னேன். அவருக்கு மனசு ஆறவில்லை. ரெக்கார்டு அறையில் தேடி, பழைய கோப்பிலிருந்து ஆணையையே எடுத்து வந்துவிட்டார். என் முன்னாலேயே வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

"'ஆய்வாளர் தனபால், திரு. ஏழுமலையுடன் ஒரே குடும்பமாக வாழ்ந்து வருவது நேரடித் தணிக்கையில் உறுதி செய்யப்பட்டது. அவ்வாறிருக்க, தனிக் குடும்பம் எனத் தவறாகக் காட்டியதற்காக...'"

அதற்கு மேல் வாய்விட்டுப் படிக்கவில்லை. மனதுக்குள் படித்து முடித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"சார், இதை ஜெராக்ஸ் எடுத்துத் தரட்டுமா? உங்களுக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணுன்னு ரெண்டு காப்பி?"

"ஒண்ணு போதும்மா" என்றேன். "ஒரே வூடுதானே."